பணித்தளத்திலிருந்து ஊழியர் வருகிறார்: சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிஷனரி ஞாயிறு, அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்துண்ணும் விருந்து), கன்வென்ஷன் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நம் சபைகளுக்கு வெளியிலிருந்து ஓர் ஊழியர் வருகிறார். பெரும்பாலும் வடமாநிலம் ஒன்றில் சபை நாட்டும் பணியில் இருப்பவர். காலை ஆராதனையில் செய்தி கொடுப்பார், காணிக்கைக் கவரை வாங்கிக்கொள்வார், மதியச் சாப்பாடு முடிந்ததும் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். அவர் எந்த ஊரில், எந்த மக்களிடையே, என்னதான் செய்கிறார் என்று கேட்டால் சபையில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அழைக்கும் கமிட்டியாருக்கும், வீட்டில் தங்கவைக்கும் குடும்பத்தாருக்கும், ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் உதவும்படி இந்தப் பக்கம்.

சபை நாட்டும் ஊழியரும் சுவிசேஷகரும் ஒன்றுதானே?

இல்லை. சுவிசேஷகர் ஓர் ஊருக்குப் போய் அறிவித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். சபை நாட்டுகிறவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். முதலில் கிராமம் கிராமமாக நடந்து யார் யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், சந்தை எந்தக் கிழமை என்று பார்ப்பார். அடுத்து வாடகைக்கு ஒரு வீடு. அது கிடைப்பதே பெரும்பாடு. பிறகு மொழி. தட்டுத்தடுமாறிப் பேச ஆறு மாதம் போதும். துக்க வீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் அளவுக்கு வர இரண்டு ஆண்டுகூட ஆகும். அதன்பின் ஒன்றிரண்டு குடும்பங்கள், வீட்டு ஜெபம், வேதபாடம், ஞானஸ்நானம், வாராந்தர ஆராதனை. கடைசியாக, அந்த மக்களிலிருந்தே மூப்பர்களை எழுப்பி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இவர் விலக வேண்டும். தீத்து 1:5-ல் கிரேத்தா தீவைப் பற்றிப் பவுல் சொல்லும் வேலை இதுதான்.

ஜார்க்கண்ட்டின் ராஜ்மகால் மலைகளில் வாழும் பஹாடியா மக்களிடையே தமிழ் மிஷனரிகள் பல்லாண்டுகளாக வேலை செய்கிறார்கள். அந்த மக்களின் மால்தோ மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் தமிழருக்கு அது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அங்கே இந்தியிலேயே பிரசங்கித்து ஓட்டிவிடலாம். ஆனால் பள்ளிக்குப் போகாத பாட்டிமார் வெளியே நின்றுவிடுவார்கள். வருகிறவரிடம் "ஆராதனை எந்த மொழியில்?" என்று கேட்டாலே அவர் வேலையின் ஆழம் ஓரளவு தெரிந்துவிடும்.

இவர்களை யார் அனுப்புகிறார்கள்?

தமிழ்நாட்டில் இது புதிய வழக்கம் அல்ல. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதன் முதல் பணித்தளம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி. சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவரே 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. 1959-ல் ஜெபக்குழுக்களாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு இன்று பல வடமாநிலங்களில் ஊழியர்களை வைத்திருக்கிறது. இவை தவிர ஒரு தனிச் சபை அனுப்பியவர்களும், எந்த அமைப்பையும் சாராமல் போனவர்களும் உண்டு. அமைப்பு இல்லை என்பதாலேயே ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவரைப் பற்றி விசாரிக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

அழைக்கும் முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

போஸ்டர் அச்சடித்த பிறகு விசாரித்துப் பயனில்லை. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். அனுப்பிய அமைப்பின் அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். ஊழியர் கொடுத்த எண்ணில் அல்ல, அமைப்பின் பத்திரிகையிலோ ரசீதிலோ அச்சாகியிருக்கும் எண்ணில். அவர் இப்போதும் அங்கே பணியில் இருக்கிறாரா, விடுமுறையில் வருகிறாரா, சபைகளில் பேச அனுமதி பெற்றிருக்கிறாரா என்று கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தனி ஊழியர் என்றால் அவருடைய சொந்தச் சபை எது, அந்தச் சபைப் போதகர் யார் என்று கேட்டு அவரோடு பேசுங்கள். "எனக்கு ஆண்டவர் மட்டும்தான், வேறு யாருக்கும் நான் கணக்குச் சொல்வதில்லை" என்று பதில் வந்தால் அழைப்பைத் தள்ளிவையுங்கள். பக்தியாகத் தோன்றும் அந்தப் பதில் நல்ல அறிகுறி அல்ல.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாக இருந்தால் பிரசங்க பீடத்தில் யார் ஏறுவது என்பதைக் கமிட்டி மட்டும் தீர்மானிக்க முடியாது. சேகரத் தலைவரான போதகருக்கு முதலில் தெரிவியுங்கள். வேறு சபைப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் இது இன்னும் அவசியம். ஞாயிறு காலை வெஸ்ட்ரியில் (போதகர் ஆயத்தமாகும் அறையில்) வைத்து ஐயரிடம் (போதகரிடம்) "இவர்தான் இன்றைக்குச் செய்தி" என்று அறிமுகப்படுத்துவதால் வரும் மனத்தாங்கல்கள் ஏராளம்.

"எத்தனை சபை நாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒருவர் வாரந்தோறும் கூடும் 40 பேரைச் சபை என்பார். இன்னொருவர் மாதம் ஒருமுறை ஜெபிக்கப் போகும் ஒரு வீட்டையும் சபைக் கணக்கில் சேர்ப்பார். ஒரே கிராமத்துக் கூட்டத்தை இரண்டு மூன்று அமைப்புகள் தத்தம் அறிக்கையில் காட்டுவதும் உண்டு. ஆதரவு எண்ணிக்கையைப் பார்த்து வரும்போது எண்ணிக்கை தானாக ஊதும். இதில் ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணைக் கேட்டுக் கைதட்டிப் பழக்கியது நாம்தான்.

ஒரே ஒரு சபையை எடுத்துக்கொண்டு அதை விவரமாகக் கேளுங்கள். எந்தக் கிழமை கூடுகிறார்கள்? எங்கே, வீட்டிலா, மரத்தடியிலா? போன ஞாயிறு நீங்கள் இங்கே இருக்கும்போது அங்கே யார் நடத்தினார்? அவர் அந்த ஊர்க்காரரா? காணிக்கை எடுக்கிறார்களா, நெல்லாகவா, ரூபாயாகவா? அது எதற்குச் செலவாகிறது? பெண்கள் வாசிக்கிறார்களா? போன ஆண்டு யாராவது விலகிப் போனார்களா? களத்தில் இருப்பவர் இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். தோல்விகளையும் சொல்வார். ஏழெட்டு ஆண்டு உழைத்து ஒரு சபையும் நிலைக்காத நல்ல ஊழியர்களும் இருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டிலேயே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென் ஓர் அளவுகோல் சொன்னார்: சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே நிர்வகிக்க வேண்டும், தானே பரப்ப வேண்டும். திருநெல்வேலிச் சபைகள் வளர்ந்தது இந்தச் சிந்தனையின் நிழலில்தான். வருகிறவரிடம் "நீங்கள் நாளை மாறுதலாகிப் போனால் அந்தச் சபை என்ன ஆகும்?" என்று கேட்டால், மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டது போல.

வெளிநாட்டுப் போதகர் வருகிறார். சுற்றுலா விசா போதுமா?

போதாது. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், செய்தியை உட்கார்ந்து கேட்கலாம். பிரசங்கிக்கவோ, சமயப் பிரசுரம் விநியோகிக்கவோ கூடாது. மீறினால் நாடு கடத்தலும், மறுபடி நுழையத் தடையும் வரலாம். மிஷனரி பணிக்குத் தனி விசா இருக்கிறது. அது எளிதில் கிடைப்பதில்லை. "சாட்சி மட்டும் சொல்லட்டுமே, பிரசங்கம் இல்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மைக்கைக் கொடுப்பவர்கள் உண்டு. போஸ்டரில் அவர் படமும் "தேவசெய்தி" என்ற வரியும் இருந்தால் அந்தச் சமாதானம் எங்கும் எடுபடாது.

நம்மவர்தானே என்று ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும்) அட்டைக்காரரை அழைப்பதிலும் சிக்கல் உண்டு. கனடாவிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை பெற்ற தமிழ்ப் போதகர் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், 2021 மார்ச் அறிவிக்கையின்படி மிஷனரி பணிக்கு முன்கூட்டிச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தாலும், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் குடிவரவுத் துறைக்கு விவரம் பதிய வேண்டும். ஹோட்டலில் சி படிவம் என்று நிரப்பி வந்தது இதுதான். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறந்துபோவதும் இதுதான்.

அவரை எப்படி அழைப்பது? போஸ்டரில் என்ன போடுவது?

"ஐயா" எங்கும் பொருந்தும். மிஷனரி வட்டாரத்தில் "அண்ணன்", "அக்கா" என்றே ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம். பணித்தளத்தில் இருப்பவர்களில் பலர் குருப்பட்டம் பெறாதவர்கள். பெயருக்கு முன்னால் "அருட்திரு" போட்டுவிட்டு, பிறகு அவரிடம் திருவிருந்து ஆராதனையை நடத்தச் சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம். பெயரும் பொறுப்பும் எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். "அப்போஸ்தலர்", "டாக்டர்" எல்லாம் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அவரே சேர்க்கச் சொன்னால், எந்தக் கல்லூரி என்று கேளுங்கள்.

போஸ்டரில் பணித்தளக் கிராமத்தின் பெயரையும் போடாதீர்கள். காரணம் படங்களைப் பற்றிய பதிலில்.

எங்கே தங்கவைப்பது, என்ன கொடுப்பது?

ஒரே வீட்டில். ஐந்து குடும்பங்கள் அன்பு காட்ட ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் ஒரே காலையில் மூன்று வீட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பிரசங்கிப்பது யாருக்கும் கஷ்டம். இரண்டு நாள் ரயிலில் வந்தவருக்கு முதலில் வேண்டியது குளியலும் தூக்கமும். சனிக்கிழமை காலையே வரச் சொல்லுங்கள். மதியம் வரை யாரும் பார்க்கப் போகாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை, சாப்பிடும் நேரம், வயிற்றுக்கு ஒத்துவராதவை பற்றி முன்பே கேட்டு வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மலைக்கிராமத்தில் பல மாதம் சோறும் பருப்பும் சாப்பிட்டவருக்கு அசனத்து மட்டன் குழம்பு ஒரேயடியாக ஒத்துக்கொள்ளாது.

பயணச் செலவு தனி, காணிக்கை தனி. வர போக எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டு, வந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரக் கவரில் இரண்டும் சேர்ந்திருந்தால், டிக்கெட் போக மிஞ்சியது எவ்வளவு என்று அவர் பிளாட்பாரத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆராதனையில் எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

செய்தி ஒன்று, பணித்தள அறிக்கை ஒன்று. இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். செய்திக்கு 25 நிமிடம், அறிக்கைக்கு 10 நிமிடம் சரியாக இருக்கும். இரண்டையும் கலந்தால் வசனம் பாதியில் நிற்கும், கதை நீளும்.

பணித்தளத்து விசுவாசி ஒருவர் கூட வந்து இந்தியில் பேசினால் நேரம் இரட்டிப்பாகும். 15 நிமிடப் பேச்சு என்றால் 30 நிமிடம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பவர் முந்தின நாள் மாலையே அவரோடு உட்கார வேண்டும்: என்ன வசனங்கள், ஊர்ப் பெயர், ஆள் பெயர், உள்ளூர் வழக்கங்கள். வசனங்களை அந்த இடத்திலேயே மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் தாள் வைத்துத் தயாராக இருந்து வாசித்துவிடுங்கள். மைக் இரண்டு வேண்டும். ஒன்றையே மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையும் விழுங்கப்படும்.

அவரோடு நிஜமாகப் பேச எப்போது நேரம்?

சனி மாலையில் ஒன்றரை மணி நேரம். மேடையும் மைக்கும் வேண்டாம். ஒரு வீட்டு முற்றத்தில் 15, 20 பேர் போதும். பிரசங்கத்தைவிட இதில்தான் ஊழியரைத் தெரிந்துகொள்ள முடியும். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தாலும் அவர் உங்களுக்கு வந்துபோன பிரசங்கியார் மட்டுமே. சுவரில் ஒரு வரைபடம் மாட்டுங்கள். அவர் விரலால் ஊரைக் காட்டி, ரயில் நிலையத்திலிருந்து எப்படிப் போவது என்று சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர்களுக்குக் கேள்விகள் தானாக வரும்.

மனைவி வந்திருந்தால் அவரையும் பேசச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று விட வேண்டாம். பணித்தளத்தில் பாதி வேலை அவருடையது: பிரசவத்துக்கு ஆள் கூப்பிட்டால் இரவில் போவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது கொஞ்சம் மெதுவாக. திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா போல, மிஷனரி பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஜார்க்கண்ட்டில், பிள்ளை டோனாவூரில். "இவ்வளவு சின்னப் பிள்ளையை எப்படி விட்டுவிட்டு இருக்கிறீர்கள்?" என்பது கேள்வியே அல்ல, குத்தல். பிள்ளை எந்த வகுப்பு, எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பள்ளி உங்கள் ஊருக்குப் பக்கம் என்றால், ஊழியர் அங்கே போய்வர ஒரு வண்டி ஏற்பாடு செய்வதைவிட நல்ல காணிக்கை குறைவு.

பணித்தளப் படங்களை ஃபேஸ்புக்கில் போடலாமா?

வேண்டாம். ஞானஸ்நானப் படம், விசுவாசிகளின் முகம், கிராமத்தின் பெயர் ஆகிய மூன்றும் சபைக்குள்ளேயே இருக்கட்டும். ஒடிசாவில் 1967 முதலே மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. குஜராத்தில் 2003-லும், ஜார்க்கண்ட்டில் 2017-லும், உத்தரப்பிரதேசத்தில் 2021-லும் இயற்றப்பட்டன. சில மாநிலங்களில் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டித் தெரிவிப்பது, அனுமதி பெறுவது எல்லாம் கட்டாயம். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த சட்டம் 2004-ல் விலக்கப்பட்டுவிட்டதால் நமக்கு அந்த நெருக்கடி புரிவதில்லை. இங்கே பெருமையாகப் போட்ட படம் அங்கே புகார் மனுவோடு இணைக்கப்படும். நீங்கள் "லைவ்" போடுவதாக இருந்தால் அறிக்கை தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். அதை ஒலிபெருக்கியிலும் அறிவியுங்கள், தனித்தனி கைபேசிகளும் இறங்கட்டும்.

காணிக்கையை யார் கையில் கொடுப்பது?

தனிப்பட்ட அன்பளிப்பை அவர் கையில் கொடுக்கலாம். அது அன்பளிப்பு என்று சொல்லியே கொடுங்கள். ஊழியத்துக்கான பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீது சபை முகவரிக்கு வரட்டும். கைபேசியில் ஒரு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால், ஸ்கேன் செய்ததும் வரும் பெயரைப் பாருங்கள். அமைப்பின் பெயர் வராமல் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு அலுவலகத்தைக் கேளுங்கள். வரிச்சலுகை எல்லா ரசீதுக்கும் கிடைக்காது. கிடைக்கும் அமைப்பானாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை.

ஒரே தடவை 20,000 கொடுப்பதைவிட மாதம் 2,000 மேல். பணித்தளத்தில் வீட்டு வாடகை மாதாமாதம்தான் வரும்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். சபைக் கணக்கில் வாங்கி ஊழியருக்கு அனுப்பலாமா?

மகனின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பின், டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான். ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. ஆகவே சபை நடுவில் நிற்க வேண்டாம். மகன் நேரடியாக அமைப்பின் அந்தக் கணக்குக்கே அனுப்பட்டும்.

போலி ஊழியரை எப்படிக் கண்டுகொள்வது?

இந்தக் கவலை சபையின் வயதுடையது. ஆதிச்சபையின் ஒழுங்குநூலான திதகே, வரும் ஊழியர் ஒருநாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. போகும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் அப்பம் கொடுங்கள், பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. இன்றைக்கு ரயில் நேரத்தைப் பார்த்தால் இரண்டு நாள் கணக்கு ஒத்துவராது. மற்றபடி பார்வை சரிதான்.

பணித்தளத்துக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டால் எப்போதும் தட்டிக்கழிப்பது, பல ஆண்டு ஊழியத்துக்கும் அதே நாலு படங்களைக் காட்டுவது, அனாதைப் பிள்ளைகளைக் காட்டி அவசரப் பணம் கேட்பது, சபைத் தலைமையை விட்டுவிட்டுத் தனித்தனி வீடுகளில் ஜெபிக்கப் போவது: இவற்றில் ஒன்று இருந்தால் விசாரியுங்கள், இரண்டு இருந்தால் நிறுத்துங்கள். யாராக இருந்தாலும் சரி, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது. இரண்டு ஆசிரியர்கள் கூடவே இருக்க வேண்டும். நல்ல ஊழியர் இதற்கு வருத்தப்பட மாட்டார்.

வந்தவர் நம் ஊரிலேயே சபை தொடங்கப்போகிறேன் என்கிறாரே?

யாரை வைத்து என்று கேளுங்கள். சபையே இல்லாத குடியிருப்பைக் காட்டினால் உட்கார்ந்து பேசலாம். உங்கள் ஜெபக்குழுவின் பத்துக் குடும்பங்களைக் காட்டினால் அது நாட்டுவது அல்ல, பிடுங்கி நடுவது. ரோமர் 15:20-ல் மற்றவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாமல் இருக்கப் பவுல் பார்த்துக்கொண்டதை எடுத்துச் சொல்லலாம்.

போன பிறகு தொடர்பு எப்படி?

வாட்ஸாப் குழுவில் சேர்த்து "ஆமென்" போடுவது தொடர்பாகாது. ஒரு ஜெபக்குழுவோ ஒரு குடும்பமோ பொறுப்பெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கூப்பிட்டுப் பேசி, சபைக்கு ஐந்து நிமிடம் சொல்லட்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்ட பெயர்களை எழுதிவைத்திருந்தால், அந்த மூப்பருக்குக் கால் குணமாயிற்றா என்று கேட்க முடியும். முடிந்தால் இரண்டு ஆண்டுக்குள் இருவர் பணித்தளத்துக்குப் போய்வாருங்கள். நாள் அவர் சொல்வது, உடை அவர் சொல்வது, பேசுவதா வேண்டாமா என்பதும் அவர் சொல்வது.

தங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தால்?

சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து மேடை ஏற்றாதீர்கள். எந்த மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறார் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலைக்காட்டுப் பகுதிகளில் மூளையைத் தாக்கும் பால்சிபாரம் மலேரியா உண்டு. அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஜார்க்கண்ட்டின் சாஹிப்கஞ்ச், பாக்கூர், தும்கா, கோட்டா மாவட்டங்கள் காலா அசார் நோய்க்குப் பேர்போனவை. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருந்து, மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு மருத்துவர்கள் அந்த நோயாளிகளை அரிதாகத்தான் பார்க்கிறார்கள். ஊர்ப் பெயர் சொல்லாவிட்டால் அது அவர்கள் நினைவுக்கே வராது.